250 என்ற பதிலுக்குப் பின்

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைக்க நினைப்பவர்கள் எந்த மென்பொருள் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உள்ளே வரும் ஒரு மெயிலின் கூடவே போய்ப் பார்த்தால் அதற்கான பதில் கிடைத்துவிடும்.

மெயில் முதலில் வருவது போர்ட் 25-க்கு. அங்கே அதை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ்; வீட்சே வெனிமா எழுதி 1998-இல் வெளிவந்தது. அனுப்பும் சர்வர் யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லி, கடிதம் முழுவதையும் கொடுத்துவிட்டு, ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள ஒரு வரியோடு முடிக்கிறது. பிறகு நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது. மொத்தப் பயணத்திலும் இந்தச் சில நொடிகள்தான் முக்கியம். '250' என்று பதில் சொல்லிவிட்டால் அந்தக் கடிதத்துக்கு இனி நாமே பொறுப்பு. சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். மெயில் பரிமாற்ற நெறியான எஸ்எம்டிபியின் விதி அப்படி.

எனவே ஸ்பாம் சோதனை 250-க்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும். பல சர்வர்களில் இருந்த பழைய ஏற்பாடு வேறு: எல்லாவற்றையும் வாங்கிவைத்துவிட்டு, கடிதங்களைப் பிரித்துப்போடும் ப்ராக்மெயில் வழியாக, ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்அசாசினிடம் கொடுப்பார்கள். ஸ்பாம் என்று தெரிந்தபின் அதைத் திருப்பி அனுப்பினால், முகவரி பெரும்பாலும் போலி என்பதால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். சத்தமில்லாமல் அழித்தாலோ, தவறாகச் சிக்கிய நல்ல கடிதமும் சேர்ந்து அழியும். எழுதியவர் அது சேர்ந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார். மெயில் சர்வர் செய்யக்கூடிய தவறுகளில் இதைவிடப் பெரியது கிடையாது.

இங்கே நான் ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பாம் வடிகட்டியின் பக்கம். மில்டர் இணைப்பு மூலம் போஸ்ட்ஃபிக்ஸ் அதனிடம் கடிதத்தைக் காட்டுகிறது, அது மதிப்பெண் போடுகிறது. இயல்பு அமைப்பில் 4-ஐத் தொட்டால் 'பிறகு வா', 6 என்றால் தலைப்பில் ஒரு குறி, 15 என்றால் மறுப்பு. இணைப்பு அறுபடும் முன்பே மறுப்பதால், தவறாக மறுத்திருந்தாலும் அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே தகவல் சொல்லிவிடும்.

தேறிய கடிதம் வரிசையில் நின்று, எல்எம்டிபி என்ற நெறி வழியாக, பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டவ்காட்டுக்குப் போகிறது. டவ்காட் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லும்வரை போஸ்ட்ஃபிக்ஸ் தன் பிரதியை விடாது. அமைப்பை மாற்றாவிட்டால் 5 நாள்வரை முயன்றுகொண்டே இருக்கும்.

அடுத்தது எந்த அடைவில் போடுவது என்ற முடிவு. 1990-இல் பிறந்த ப்ராக்மெயிலால் எந்த நிரலையும் ஓடவிட முடியும். அதன் பலமும் ஆபத்தும் அதுதான்: விதியில் ஒரு குறி பிசகினால் கடிதம் எங்கே போனது என்றே தெரியாது. 2001-க்குப் பிறகு சுமார் 20 ஆண்டுகள் அதற்குப் புதிய வெளியீடும் வரவில்லை. இதே வேலைக்கான சீவ் மொழி வேண்டுமென்றே சிறியது. அதன் அடிப்படை வடிவில் சுழற்சி கிடையாது, வெளி நிரலை அழைக்க முடியாது. ஓடும்போது பிழை வந்தால் கடிதம் இன்பாக்ஸிலேயே இருந்துவிடும். இந்த ஒரு குணத்துக்காகவே நான் சீவைத் தேர்ந்தெடுப்பேன்.

வட்டில் எழுதும் முறைக்கு மெயில்டிர். கடிதம் முதலில் 'டெம்ப்' அடைவில் தனிக் கோப்பாக எழுதப்படுகிறது; முழுதாக எழுதி முடிந்த பிறகே 'நியூ'வுக்கு நகர்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் அரைகுறைக் கடிதம் பெட்டியில் தெரியாது. மெயில் செயலி பார்த்ததும் அது 'கர்' அடைவுக்குப் போகும். படித்துவிட்டால் கோப்பின் பெயர்க் கடைசியில் 'எஸ்' ஒட்டிக்கொள்ளும்.

தப்பி வந்த ஸ்பாமை நாம் ஜங்க் அடைவுக்கு இழுத்தால், டவ்காட் அதை ஆர்ஸ்பாம்டியிடம் பாடமாகக் கொடுக்கும்படி அமைக்கலாம். நல்லது 200, கெட்டது 200 பார்த்த பிறகே அதன் பேசியன் கணக்கு வேலை செய்யத் தொடங்கும். ஒருவர் மட்டுமே புழங்கும் சர்வரில் அதற்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்பதால், பழைய மெயில்களை முதல் நாளே கொடுத்துப் பழக்கிவிடுவது நல்லது.