ஃபிராய்டின் அண்ணம்

சிக்மண்ட் ஃபிராய்டின் குரலில் நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு ஒலிப்பதிவுதான். 1938 டிசம்பர் 7 அன்று லண்டனில் அவருடைய வீட்டுக்குச் சென்று பிபிசி எடுத்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடப் பேச்சு. முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. சொற்கள் ஒவ்வொன்றும் எங்கோ உரசிக்கொண்டு வெளிவருகின்றன. முதுமை, அந்நிய மொழி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதன்மையான காரணம் அவருடைய வாய்க்குள் இருந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டு வரலாறு உண்டு.

1923இன் தொடக்கத்தில் வலது மேல்தாடைப் பக்கம் ஒரு வளர்ச்சியை ஃபிராய்ட் கவனித்தார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. ஓயாத சுருட்டுப் பழக்கம். ஏப்ரலில் மார்கஸ் ஹாயெக் என்ற பெயர்பெற்ற மூக்கு, தொண்டை மருத்துவர் அதை வெட்டியெடுத்தார். சிறு சிகிச்சை, அன்றே வீடு திரும்பலாம் என்பது ஏற்பாடு. குடும்பத்தாருக்குக்கூடச் சொல்லாமல் போயிருந்தார். ரத்தம் நிற்கவில்லை. சின்ன அறை ஒன்றில் படுக்க வைத்தார்கள். உடனிருந்தவர் மனவளர்ச்சி குன்றிய, குள்ளமான இன்னொரு நோயாளி. மறுபடி ரத்தம் பெருகியபோது அழைப்பு மணி வேலை செய்யவில்லை. ஃபிராய்டால் குரலெழுப்பவும் முடியவில்லை. அந்த மனிதர் ஓடிச் சென்று உதவியை அழைத்து வந்திராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் பெயரை எந்த வாழ்க்கை வரலாற்றாசிரியரும் நமக்குத் தரவில்லை.

அது புற்றுநோய் என்பதை ஃபிராய்டிடம் மறைத்தார்கள். மறைத்தவர்களில் அவருடைய மருத்துவ நண்பர் ஃபெலிக்ஸ் டாய்ச்சும் ஒருவர். உண்மை தெரிந்தால் தற்கொலை செய்துகொள்வாரோ என்ற பயம். மனிதர்கள் தம்மிடமிருந்தே எதை மறைக்கிறார்கள் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவரிடம் மறைத்தார்கள்! பல ஆண்டுகளுக்குப் பிறகு இதைக் கேள்விப்பட்டபோது, அந்த உரிமையை உங்களுக்கு யார் தந்தது என்ற பொருளில் அவர் சீறியதாக ஏர்னஸ்ட் ஜோன்ஸ் எழுதுகிறார். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இலையுதிர்காலத்தில் பொறுப்பு ஹான்ஸ் பிஹ்லரிடம் வந்தது. முதல் உலகப் போரில் தாடை சிதறிய வீரர்களைச் செப்பனிட்டுத் தேர்ந்தவர் அவர். முகச் சீரமைப்பு அறுவையும் செயற்கைத் தாடைக் கலையும் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்குப் பதுங்குகுழிப் போர் முக்கியக் காரணம். பள்ளத்துக்கு மேலே தெரிந்தது தலைதானே. 1923 அக்டோபரில் இரு கட்டமாக பிஹ்லர் அறுவை செய்தார். முதலில் கழுத்து: ரத்தக்குழாயைக் கட்டி, தாடைக்கடியில் உள்ள சுரப்பிகளை அகற்றினார். பிறகு உதட்டையும் கன்னத்தையும் பிளந்து, வலது மேல்தாடையின் பெரும்பகுதியையும் மேலண்ணத்தையும் எடுத்தார். மயக்க மருந்தின்றி, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு.

அறுவை முடிந்தால் நோயாளியின் பாடு முடிந்தது என்று வெளியிலிருப்பவர்கள் எண்ணுகிறோம். மேலண்ணம் போனால் வாயும் மூக்கும் ஒரே குகையாகிவிடும். குடித்த நீர் மூக்கு வழியே வரும். பேச்சு மூக்கிலேயே கரைந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கப் பெரிய பல்செட் போன்ற ஒரு பொருள் தேவை. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரான்சின் அம்ப்ருவாஸ் பாரே இத்தகைய அண்ண மூடிகளை விவரித்திருக்கிறார். ஃபிராய்டின் வீட்டில் அதற்கு வைத்த பெயர் அரக்கன். இறுக்கமாகப் பொருத்தினால் சதையை உரசிப் புண்ணாக்கும்; அந்தப் புண்ணே அடுத்த புற்றுக்குக் கருவாகலாம். தளர்த்தினால் உணவும் பேச்சும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தேடி பிஹ்லரிடம் நூற்றுக்கணக்கான முறை அவர் போய்வந்தார். தழும்பு இறுகி வாய் சரியாகத் திறக்கவில்லை. கழற்றி மாட்டுவது பெரும்பாடு. அதற்கு உதவும் உரிமை மகள் அன்னாவுக்கு மட்டுமே இருந்தது. இரக்கம் காட்டக்கூடாது என்பது இருவருக்குமிடையே ஒப்பந்தம். சுருட்டை மட்டும் அவர் விடவில்லை. துணி உலர்த்தும் கிளிப்பால் தாடையைப் பிளந்துகொண்டு புகைத்தாராம். இதை வீரம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

வலது காதும் ஏறக்குறையச் செவிடாகிவிட்டது. நோயாளியின் சொற்களை நல்ல காதால் கேட்க, புகழ்பெற்ற அந்தச் சாய்மஞ்சத்தையே இடம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. பேசியும் கேட்டும் குணப்படுத்தும் முறையைக் கண்டவருக்கு வாய், செவி இரண்டிலுமே ஊனம். 1922 பெர்லின் மாநாட்டுக்குப் பிறகு எந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டிலும் அவர் கலந்துகொள்ளவில்லை. 1930இல் கதே பரிசு கிடைத்தபோது ஃபிராங்க்ஃபர்ட்டில் அவருடைய உரையை வாசித்தவர் அன்னா. எழுத்து மட்டும் நிற்கவில்லை. 'நாகரிகமும் அதன் அதிருப்திகளும்' அதே ஆண்டில்தான் வெளிவந்தது.

1931இல் ஹார்வர்டைச் சேர்ந்த வராஸ்தாத் கசஞ்சியன் வியன்னா வந்து புதிய மூடி செய்து கொடுத்தார். அர்மீனியாவிலிருந்து குடிபெயர்ந்தவர், அவரும் போர்க்கள மருத்துவமனையில் உருவானவரே. கட்டணம் ஆறாயிரம் டாலர். பலன் சொற்பம்.

1938 ஜூனில் நாஜிகளிடமிருந்து தப்பி ஃபிராய்ட் லண்டன் சேர்ந்தார். செப்டம்பரில் பிஹ்லர் வியன்னாவிலிருந்து வந்து மறுபடியும் கன்னத்தைப் பிளந்து அறுவை செய்தார். பிபிசிக்காரர்கள் வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில், இனி அறுவைக்கு வழியில்லை என்று தெரிந்தது. ரேடியக் கதிர் சிகிச்சை நடந்தது. புண்ணின் நாற்றம் தாங்காமல் அவருடைய செல்ல நாய் அறையின் மூலையில் ஒதுங்கிக்கொண்டது. ஈக்களுக்காகக் கட்டிலில் கொசுவலை கட்டினார்கள். அவர் கடைசியாக வாசித்தது பால்சாக்கின் நாவல்; ஆசைகள் நிறைவேற நிறைவேறச் சுருங்கும் ஒரு தோலின் கதை. நேரம் வரும்போது கைவிட மாட்டேன் என்று முன்பே வாக்களித்திருந்த மருத்துவர் மாக்ஸ் ஷூர், அன்னாவிடம் பேசிய பிறகு, மார்ஃபின் ஊசி போட்டார். 1939 செப்டம்பர் 23 அன்று ஃபிராய்ட் இறந்தார்.