மேயோ பிரபுவின் கணக்கேடு

1872 பிப்ரவரி 8 அன்று, அந்தி மயங்கும் நேரத்தில், அந்தமானின் ஹோப்டவுன் இறங்குதுறையில் ஷேர் அலி என்ற ஆயுள் கைதி வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கத்தியால் குத்திக் கொன்றார். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் இவர்தான். அதனாலேயே இவரது வாழ்க்கையைச் சொல்லவருபவர்கள் சாவிலிருந்து தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில், அந்தக் கத்திக்குத்தைவிட நீண்ட விளைவுகளை உண்டாக்கியது 1870 டிசம்பரில் அவர் எடுத்த நிதி முடிவு. அதன் வேர் கல்கத்தாவில் இல்லை, அயர்லாந்தில் இருக்கிறது.

1822இல் டப்ளினில் பிறந்த மேயோ (இயற்பெயர் ரிச்சர்ட் போர்க்), நிலக்கிழார் குடும்பத்துப் பிள்ளை. அயர்லாந்தில் பெரும்பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1847இல் கில்டேர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். பின்னர் நாஸ் பிரபு என்ற பெயரில் மூன்று முறை அயர்லாந்தின் தலைமைச் செயலர். அவர் பழகிய அயர்லாந்தில் சாலை, பாலம், சிறைக்கான செலவை ஒவ்வொரு கவுண்டியிலும் ‘கிராண்ட் ஜூரி’ தீர்மானித்தது. அதன் உறுப்பினர்கள் ஷெரீஃப் பொறுக்கியெடுத்த நிலக்கிழார்கள். வரி கட்டிய குடியானவருக்கு வாக்கு கிடையாது. பஞ்ச நிவாரணச் சுமையும் 1847 முதல் உள்ளூர் வரியின் தலையில்தான் விழுந்தது.

வைஸ்ராயான மேயோ, 1870 டிசம்பர் தீர்மானத்தின் மூலம் சிறை, போலீஸ், கல்வி, மருத்துவம், சாலை முதலிய துறைகளை மாகாணங்களிடம் ஒப்படைத்து, அவற்றுக்கு ஒரு நிலையான தொகையை மட்டும் ஒதுக்கினார். அது முன்பு ஆன செலவைவிடக் குறைவு. மிச்சத்தை உள்ளூரிலேயே திரட்டிக்கொள்ள வேண்டும். மதராஸ் மாகாணம் 1871இல் உள்ளூர் நிதிச் சட்டத்தைக் கொண்டுவந்து நிலத்தின் மீது சாலை வரி போட்டது. பணத்தைச் செலவிட்ட வாரியங்களுக்குக் கலெக்டரே தலைவர். உறுப்பினர்கள் அரசு நியமித்தவர்கள். கிராண்ட் ஜூரியின் சாயல் இதில் தெரியவில்லையா?

கஜானா காலியாக இருந்தது, வேறு வழியில்லை என்பார்கள். உண்மைதான், வருமான வரியைக்கூட அவர் ஆண்டின் நடுவிலேயே உயர்த்த நேர்ந்தது. ஆனால் பற்றாக்குறைக்கு வேறு பரிகாரங்களும் உண்டு. வரியை உள்ளூருக்குத் தள்ளி, அதிகாரத்தை மேலேயே வைத்துக்கொள்வது ஒரு நிலக்கிழாருக்குப் பழகிப்போன ஏற்பாடு. தன்னாட்சிக்கு வித்திட்டவர் என்ற புகழும் அவருக்கு உண்டு. 1870 தீர்மானத்தில் அப்படியொரு நம்பிக்கை பேசப்பட்டது மெய்யே. பேச்சுக்கேற்ற வாக்குரிமையை அவர் தரவில்லை என்பதால் எனக்கு அந்தப் புகழ் மிகையாகப்படுகிறது. மதராஸின் உள்ளூர் வாரியங்களில் தேர்தலுக்கு இடம் கிடைத்தது வைஸ்ராய் ரிப்பன் காலத்தில், 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால். அயர்லாந்தின் கவுண்டிகள் 1898 வரை காத்திருந்தன.