கடன் பத்திரமும் கையொப்பமிடாதவர்களும்

தனியார் வங்கி கடன் கொடுக்கிறது; வேற்று நாட்டு அரசு வாங்குகிறது. இதனிடையே வங்கியின் தாய்நாட்டு அரசுக்கு என்ன வேலை? மெக்சிக்கோவின் வரலாறு இதற்கு விடை பகர்கிறது.

1973-இல் தொடங்கிய நெருக்கடியில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெய் விற்ற நாடுகளின் பெரும்பணம் மேலைநாட்டு வங்கிகளில் குவிந்தது. அதை வளரும் நாடுகளுக்குக் கடனாக வழங்குவதை மேலை அரசுகள் ஊக்குவித்தன. அரசுகள் நொடித்துப்போவதில்லை என்ற நம்பிக்கையில் வங்கிகளும் அள்ளிக் கொடுத்தன. ஆனால் அக்கடன்களில் பெரும்பாலானவற்றின் வட்டி சந்தையோடு ஏறி இறங்குவது. 1979 முதல் பவுல் வோல்க்கர் தலைமையில் அமெரிக்க நடுவண் வங்கி, தன் நாட்டு விலைவாசியை அடக்க வட்டியை உயர்த்தியபோது, அச்சுமை மெக்சிக்கோவின் தோளிலும் ஏறியது.

1982 ஆகஸ்டில், ஏறத்தாழ 8,000 கோடி டாலர் கடன்பட்டிருந்த மெக்சிக்கோவின் நிதியமைச்சர் ஹெசூஸ் சில்வா ஹெர்சோக், இனித் தவணை கட்ட இயலாதென்று வாஷிங்டனுக்குச் சென்று தெரிவித்தார். அமெரிக்க அரசு விரைந்து செயற்பட்டது. மெக்சிக்க எண்ணெய்க்கு 100 கோடி டாலர் முன்பணம் தந்தது. உணவுப்பொருள் வாங்க மேலும் 100 கோடிக்குக் கடன் வசதி செய்தது. இவ்விரைவுக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஒன்பது பெரிய வங்கிகள் இலத்தீன் அமெரிக்காவுக்குக் கொடுத்திருந்த கடன், அவற்றின் மூலதனத்தையே விஞ்சியிருந்தது. கடனாளி வீழ்ந்தால் கடன் கொடுத்தவரும் வீழ்வர்.

நவம்பரில், பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைவர் ழாக் தெ லரோசியேர் வங்கியாளர்களை அழைத்தார். அவர்கள் 500 கோடி டாலர் புதுக்கடன் தர இசைந்தாலன்றி நிதியம் உதவாது என்றார். தனியார் விருப்பத்தில் பிறந்த கடன், அதிகாரத்தின் வற்புறுத்தலால் நீட்டிக்கப்பட்டது. அதற்கு ஈடாக மெக்சிக்கோ தன் செலவுகளைக் கடுமையாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

கடனின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தே ஆகவேண்டும் என்பதை, 1989-இல் அமெரிக்க நிதியமைச்சர் நிக்கொலஸ் பிரேடி ஏற்றார். அதன்படி, முதலில் 35 விழுக்காட்டைக் குறைப்பது வங்கிகளுக்குரிய வழிகளுள் ஒன்றாயிற்று. கடந்த ஏழாண்டுகளில் வங்கிகள் இழப்பைத் தாங்க நிதி ஒதுக்கி வலுப்பெற்றிருந்தன. மெக்சிக்கத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியோ, அதே காலத்தில் வாங்கும் திறனில் ஏறத்தாழப் பாதியை இழந்திருந்தது.

கடன் கொடுத்தோரும் பட்டோரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று, 1986-இல் உரோமையின் நீதி, அமைதி ஆணையம் வலியுறுத்தியது. மெக்சிக்கோவில் அப்பகிர்வு வந்து சேர ஏழாண்டுகள் பிடித்தன. கடன் பத்திரத்தில் கையொப்பமிடாத ஏழைகளே அதுவரை வட்டி கட்டினர். தனியார் கடனுக்கு அரசு துணைநிற்கும்போதெல்லாம், அத்துணை யாருக்கு, யார் செலவில் என்று கேட்பது நம் கடமையன்றோ?