அஷ்அரி அணுக்கொள்கை
இலங்கையில் கனமூலை உள்ளிட்ட புத்தளம் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஷாஃபி மத்ஹபோடு (சட்டமரபோடு) வழிவழியாக வந்தது அஷ்அரி அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு). இமாம் அபுல் ஹசன் அல்அஷ்அரியின் (இறப்பு 936) பெயரால் வழங்கும் இம்மரபுக்குள் ஓர் அணுவியலும் உண்டு.

பொருள்கள் பகுக்கமுடியாத அணுக்களால் ஆனவை. நிறம், அசைவு போன்ற பண்புகள் இரு கணம் நிலைப்பதில்லை, இறைவன் அவற்றைக் கணந்தோறும் புதிதாகப் படைக்கிறான் என்பது அதன் சாரம். பஞ்சை எரிப்பது நெருப்பல்ல. நேராகவோ வானவர் வழியாகவோ இறைவனே எரிக்கிறான் என்றார் இம்மரபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி (1058–1111). நெருப்பு தொட்டதும் பஞ்சு கருகுவதைக் கண் பார்க்கிறது. நெருப்பால்தான் கருகியது என்பதை எந்தக் கண்ணும் பார்த்ததில்லை!

1900இல் மாக்ஸ் பிளாங்க் ஆற்றலைத் துணுக்குகளாகக் கணக்கிட்டதும், 1927இல் ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கோட்பாட்டை முன்வைத்ததும் இந்த அணுவியலை நினைவூட்டும். ஒப்புமையை அதற்குமேல் இழுப்பது மிகை. கலாம் (இஸ்லாமிய இறையியல்) அறிஞர்கள் நிறுவ முயன்றது இறைவல்லமையை. குவாண்டம் இயற்பியல் கணிதத்திலும் சோதனையிலும் நிற்கிறது.