வீட்டுப் பூனைகளின் நடமாட்டப் பரப்பு: ஆய்வு வரலாறு

வீட்டில் வளரும் பூனை வெளியே சென்று அன்றாடம் சுற்றித் திரும்பும் மொத்த இடமும் அதன் நடமாட்டப் பரப்பு எனப்படும். அதற்குள் பிற பூனைகளை அண்டவிடாமல் காக்கும் பகுதி ஆட்சி எல்லை எனப்படும். பாலூட்டிகளில் இவ்விரண்டும் வேறு வேறு என்பதை 1943-ல் அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் ஹென்றி பர்ட் தெளிவாக விளக்கினார். எனினும் வாசல் தாண்டும் பூனை எங்கே செல்கிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது.

தொடக்ககால ஆய்வுகள்

ஜெர்மானிய விலங்கு நடத்தையியலாளர் பால் லெய்ஹவுசன், வீட்டுப் பூனையின் எல்லை குறித்து 1959-ல் வோல்ஃப் என்பவருடன் இணைந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பூனைகளை நேரில் பின்தொடர்ந்து கவனித்ததில், அவை ஒரே பாதைகளைப் பங்கிட்டுக்கொள்வது தெரியவந்தது. ஒன்று வரும் நேரத்தில் மற்றொன்று ஒதுங்கிக்கொள்ளும். பாதைகள் சந்திக்கும் இடத்தில் எதிரே வேறொரு பூனையைக் கண்டால், உட்கார்ந்து அது கடந்து செல்லும்வரை காத்திருப்பதும் உண்டு. பூனைகள் இடத்தை மட்டுமன்றி நேரத்தையும் பிரித்துக்கொள்கின்றன என்பது இதனால் புலப்பட்டது.

வானொலிக் கழுத்துப்பட்டைகள்

இரவிலும் புதர்களிலும் மறையும் பூனைகளை நேரில் பின்தொடர்வது கடினம். 1970-களில் வானொலி அலை பரப்பும் கழுத்துப்பட்டைகள் இக்குறையைப் போக்கின. டேவிட் மெக்டொனால்டும் பீட்டர் ஆப்ஸும் இங்கிலாந்தில் பண்ணைப் பூனைகளை ஆராய்ந்து, பெண் பூனைகள் கூடி வாழ்ந்து ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதை 1978-ல் பதிவு செய்தனர். ஸ்வீடனில் ஊலோஃப் லிபெரி, கடுவன் பூனைகளின் பரப்பு பெண் பூனைகளுடையதைவிடப் பல மடங்கு பெரிது எனக் கண்டறிந்தார். பெண் பூனை இரையைத் தேடிச் சுற்றுகிறது. கடுவன் துணையையும் தேடிச் சுற்றுகிறது. கருத்தடை செய்த பூனைகள் குறைவாக அலைவதற்கும் இதுவே காரணம்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் உரிமையாளர் இல்லாத ஒரு கடுவன் 547 ஹெக்டேர் பரப்பில் திரிந்தது. வளர்ப்புப் பூனைகளின் சராசரிப் பரப்போ 2 ஹெக்டேர் அளவிலேயே இருந்தது.

ஜி.பி.எஸ். காலம்

எடை குறைந்த ஜி.பி.எஸ். கருவிகள் வந்தபின் பொதுமக்களும் ஆய்வில் பங்கேற்றனர். ரோலண்ட் கேஸ் தலைமையில் 6 நாடுகளைச் சேர்ந்த 925 வளர்ப்புப் பூனைகளைக் கண்காணித்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. சராசரிப் பரப்பு 3.6 ஹெக்டேர், அதாவது சுமார் 9 ஏக்கர். பெரும்பாலானவை வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி நேரத்தைக் கழித்தன.

பூனை தொலைவு செல்லாததால் கேடும் குறைவு என்று கருத முடியாது என்பதே இவ்வாய்வின் முக்கிய முடிவு. வீட்டில் உணவு கிடைப்பதால் சிறிய இடத்தில் பல பூனைகள் வாழ முடிகிறது. எனவே அவற்றின் வேட்டை முழுவதும் அச்சிறு வட்டத்திலுள்ள பறவைகள் மீதும் சிற்றுயிர்கள் மீதும் விழுகிறது. ஒரே அளவு பரப்பில் இத்தாக்கம், காட்டு ஊனுண்ணிகள் ஏற்படுத்துவதைப்போல் 2 முதல் 10 மடங்கு என மதிப்பிடப்பட்டது.

இந்தக் கவலை சட்ட நடவடிக்கைகளுக்கும் இட்டுச்சென்றது. ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடியைக் காக்க, 2022 மே மாதம் முதல் ஆகஸ்ட் இறுதிவரை நகரின் ஒரு பகுதியில் பூனைகளை வெளியே விடுவது தடை செய்யப்பட்டது. கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்ல மட்டும் அனுமதி இருந்தது.