உள்வாடகை

உள்வாடகைன்னு அருமையான சொல் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. வாடகைக்கு எடுத்தவர் அதையே இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடறது. எங்க பெரும்பாக்கம் பக்கம் ரொம்பப் புழங்கற வார்த்தை. இதோட சட்ட வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது.

1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 108வது பிரிவு. ஒப்பந்தத்தில் தடை எதுவும் இல்லையென்றால் குத்தகைக்காரர் தாராளமாக உள்குத்தகை விடலாம். ஆனா பொறுப்பு கழலாது. உள்ளே வந்தவர் பாக்கி வச்சாலும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்தான்.

இரண்டாம் உலகப்போர் சமயம் ஊரெல்லாம் வீட்டுப் பஞ்சம். வாடகைக் கட்டுப்பாடு வந்தது. வாடகையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? குறைஞ்ச வாடகைக்காரர் உள்வாடகை விட்டு லாபம் பார்ப்பார். அதனால் விதி தலைகீழானது. 1960ம் வருஷச் சட்டப்படி, வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதமோ ஒப்பந்தத்தில் உரிமையோ இல்லாமல் உள்வாடகை விட்டால் காலி செய்யச் சொல்லலாம். அதுவும் 23-10-1945க்குப் பிறகு விட்டிருந்தால்! 1960 சட்டத்தில் 1945ம் வருஷத் தேதி. போரை ஒட்டி வந்த கட்டுப்பாட்டின் வால் அது. மச்சான் வந்து தங்கினால் உள்வாடகை ஆகாது. வீடோ அதில் ஒரு பகுதியோ, அதன் அனுபோகம் முழுசாகக் கைமாறணும், பதிலுக்குக் காசும் வாங்கணும். இதை நிரூபிக்க முடியாமல் வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்கள் :-)

அந்தச் சட்டம் போய், 2017ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதிலும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் உள்வாடகை கிடையாது.

ஆனா அரசுக் கட்டடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இங்கேதான் பெரும்பாக்கம் வருது. 1970ல் தொடங்கி, 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாறிய பழைய குடிசை மாற்று வாரியம் இங்கே கட்டியது சுமார் 20,000 வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோர மக்களை நிறைய பேரை இங்கே கொண்டுவந்தார்கள். ஒதுக்கீடு பெற்றவரே குடியிருக்கணும். வாடகைக்கு விட்டால் ஒதுக்கீடு ரத்து.

வீட்டுவேலை, மீன் வியாபாரம், சுமை தூக்கற வேலை எல்லாம் 20 கிலோமீட்டருக்கு அப்பால். விடியற்காலை வேலைக்கு எந்த பஸ்ஸைப் பிடிக்கறது? சிலர் பழைய இடத்துப் பக்கமே ஒரு அறை எடுத்துக்கிட்டு, அந்த வாடகைக்காக இந்த வீட்டை விடறாங்க. இதை லாபக் கணக்குன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. வீடுகளை வளைச்சுப் போட்டு வாடகைக்கு விடற தரகர் கதை வேற, அதை விடக்கூடாது.

ஆனா உள்ளே குடிவந்தவங்க? 2017 சட்டமும் அவங்களுக்கு இல்லை, வாரியப் பட்டியலிலும் பேர் இல்லை. ஆய்வு வந்து ஒதுக்கீடு ரத்தானா, குடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கக் கையில் ஒரு ரசீதுகூட இருக்காது.