வீரத்துக்கு ஒரு பதிவேடு

வீரச் செயல் ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிந்துவிடும். அதைப் பதக்கமாக்கும் வேலையோ மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், காகிதத்தின் மேல் நடப்பது. யார் கண்டார், யார் எழுதினார், யார் ஒப்பமிட்டார் என்ற வினாக்களுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே ஒரு சிப்பாயின் மார்பில் பதக்கம் ஏறும். இது அலுவலகத்தாரின் வேலை, இதில் நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆனால் யாருடைய வீரம் கணக்கில் எடுக்கப்பட்டது, யாருடையது விடுபட்டது என்பதை அறிய வேண்டுமானால் அந்தக் காகிதங்களைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். பிரித்தானியப் படையின் அதியுயர் விருதாகிய விக்டோரியா சிலுவையின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

1854இல் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ரஷ்யாவுடன் கிறைமியாவில் போரிட்டன. 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் வில்லியம் ஹவார்ட் ரசல் போர்க்களத்திலிருந்து எழுதிய செய்திகள், சாதாரணச் சிப்பாய் பட்ட பாட்டையும் காட்டிய துணிவையும் மக்களின் கண்முன் நிறுத்தின. உயர் அதிகாரிகளுக்குப் 'பாத்' விருது இருந்தது. பதவி வேறுபாடு பாராமல் எல்லோருக்கும் பொதுவான வீர விருது ஒன்று இருக்கவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் இதற்கான பிரேரணை பாராளுமன்றத்துக்கு வந்தது. 1856 ஜனவரி 29ஆம் திகதி விக்டோரியா மகாராணியின் ஆணையால் விருது பிறந்தது.

பதினைந்து விதிகள் கொண்டது அந்த ஆணை. பதவியோ, நீண்ட சேவையோ, உடலிற் பட்ட காயமோ தகுதியாகாது; பகைவர் முன்னிலையில் புரிந்த துணிகரச் செயல் ஒன்றே தகுதி என்றது. பதக்கத்திற் பொறிக்க முதலில் எண்ணியிருந்த சொல் 'வீரர்க்கு' என்பது. விருது பெறாத ஏனையோர் வீரரல்லர் என்று பொருள்படுமே என மகாராணி அதனை 'வீரத்துக்கு' என மாற்றினார். ஒரு சொல் மாற்றத்தில் எத்தனை பேரின் மானம் தங்கியிருக்கிறது என்பதைத் தமிழ் கற்போர் எளிதில் உணர்வர். 1857 ஜூன் 26ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க் திடலில், குதிரை மீது அமர்ந்தபடியே மகாராணி 62 பேருக்குத் தம் கையால் சிலுவையை அணிவித்தார்.

பதக்கம் வெறும் வெண்கலம். அதன் பெறுமதி அதற்குப் பின்னாலுள்ள ஒழுங்கிலேயே இருக்கிறது. படைப்பிரிவின் அதிகாரி பரிந்துரை எழுதுவார். செயலைக் கண்ணாற் கண்டவர்கள், வழமையாக மூவர், சாட்சியம் தர வேண்டும். பரிந்துரை படிப்படியாக மேலேறி அமைச்சரிடமும், அவர் வழியே அரசரிடமும் சென்று ஒப்பம் பெறும். பின்னர் லண்டன் வர்த்தமானியில் வெளியாகும். பதக்கத்தின் பின்புறத்தில் பெற்றவரின் பெயர், பதவி, படைப்பிரிவு, செயல் நிகழ்ந்த நாள் ஆகியன செதுக்கப்படும். தொடக்கத்தில் போர் அமைச்சின் அலுவலகத்தில் அவருடைய பெயர் பதிவேற்றப்பட்டது. அதிகாரிகளல்லாத படையினருக்கு அன்று ஆண்டுக்குப் பத்துப் பவுண் கொடுப்பனவும் இருந்தது.

ஒரு பிரிவு முழுவதுமே சமமாகத் துணிந்து நின்றால் யாருக்குக் கொடுப்பது? அதற்கும் விதி இருந்தது. அதிகாரிகள் தம்முள் ஒருவரையும், அவர்களுக்கு அடுத்த தரத்தினர் ஒருவரையும், சிப்பாய்கள் இருவரையும் வாக்களித்துத் தெரிவு செய்யலாம். கட்டளைக்குக் கீழ்ப்படிவதே கடனாகக் கொண்ட படையில், யார் வீரர் என்று சொல்லும் உரிமை சிப்பாயின் கைக்கும் வந்தது. 1918இல் சீபுரூகே துறைமுகத் தாக்குதலுக்குப் பின்னரே இம்முறை கடைசியாகக் கையாளப்பட்டது.

இவ்வளவு கவனமாக இயற்றிய விதிகளும் குறையற்றவையாய் இருக்கவில்லை. மூன்று இடங்களில் அவை மனிதரை வருத்தின.

முதலாவது, கொடுத்ததைத் திரும்பப் பறித்தல். குற்றம் புரிந்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க விதியில் இடமிருந்தது. 1861 தொடங்கி 1908 வரை எட்டுப் பேர் இவ்வாறு விருதை இழந்தனர். ஜோர்ஜ் ரேவன்ஹில் என்ற சிப்பாய் 1899இல் தென்னாபிரிக்காவின் கொலன்சோவில், குண்டு மழைக்கு நடுவே பீரங்கிகளை மீட்கச் சென்றவர். போர் முடிந்து வறுமையுற்ற அவர் இரும்பு திருடிய குற்றத்துக்காக 1908இல் விருதை இழந்தார். திருட்டு உண்மை, அதனால் கொலன்சோவில் நடந்தது பொய்யாகிவிடுமா? ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இதனை ஏற்கவில்லை. கொலைக்குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறுபவனும் அச்சிலுவையை அணிந்தே ஏறலாம் என்பது அவருடைய நிலைப்பாடு என, 1920இல் அவருடைய செயலாளர் எழுதினார். 1908க்குப் பின் எவரிடமிருந்தும் அது பறிக்கப்படவில்லை.

இரண்டாவது, இறந்தோர். உயிரையே கொடுத்தவனுக்கு விருது கொடுக்கத் தொடக்கத்தில் வழியில்லை. 1879 ஜனவரி 22ஆம் திகதி, இசண்டுல்வானாவில் சூலு வீரர்களிடம் பிரித்தானியப் படை தோற்ற வேளை, படைப்பிரிவின் கொடியைக் காக்க முயன்று மெல்வில், கொக்ஹில் என்னும் இரு அதிகாரிகள் மாண்டனர். உயிரோடிருந்தால் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருப்பர் என்று மட்டும் வர்த்தமானி அறிவித்தது. அவர்களுடைய குடும்பங்களுக்குச் சிலுவை கிடைத்தது 1907இல்; இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்.

மூன்றாவது, இந்தியச் சிப்பாய்கள். பிரித்தானியருக்காகக் கண்டம் கண்டமாகச் சென்று போரிட்ட அவர்களுக்கு, கிழக்கிந்தியக் கம்பனி 1837இல் ஏற்படுத்திய வேறொரு விருதே உரியதாக இருந்தது. விக்டோரியா சிலுவையின் வாசல் அவர்களுக்குத் திறந்தது 1911இல். மூன்றே ஆண்டுகளில், 1914 ஒக்டோபர் 31ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஹொலபெக்கேயில் சிப்பாய் குதாதாத் கான் அதனை ஈட்டினார். அவருடைய இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற அனைவரும் மாண்டனர். படுகாயமுற்றும் சுட்டுக்கொண்டேயிருந்த அவரை, பகைவர் இறந்தவரென்று விட்டுச் சென்றனர். இரவில் ஊர்ந்து தம் பிரிவை வந்தடைந்தார்.

இந்த விதிமாற்றங்களின் பயன் நம் கொழும்பில் பிறந்த ஒருவரையும் சென்றடைந்தது. 1887இல் பிறந்த பசில் ஹோர்ஸ்போல், கிழக்கு லங்காஷயர் படைப்பிரிவின் இளநிலை அதிகாரி. 1918 மார்ச் 27ஆம் திகதி பிரான்சில் தலையிற் காயமுற்ற நிலையிலும் எதிர்த்தாக்குதல் நடத்தி, இழந்த நிலைகளை மீட்டார். பின்வாங்கும்படி கட்டளை வந்தபோது கடைசியாகவே வெளியேறினார்; தேவைப்பட்டிருந்தால் இன்னும் நின்று பிடித்திருக்கலாம் என்றும் சொன்னார். பின்வாங்கும் வழியில் உயிர் நீத்தார். அவருக்கெனத் தனிக் கல்லறை இல்லை. அராஸ் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் உண்டு. பழைய விதி அப்படியே இருந்திருந்தால் விருதும் இருந்திராது.

பதவி, மரணம், இனம் என்று ஒவ்வொரு தடையாக விலகி, அப்பதிவேட்டில் 1,300க்கும் மேற்பட்ட பெயர்கள் ஏறின. ஒவ்வொரு திருத்தமும் முன்பு யாருக்கோ அநீதி நேர்ந்திருக்கிறது என்பதன் ஒப்புதல். ஆயினும் ஒரு தடையை எந்த ஆணையாலும் நீக்க முடியாது. கண்டு சொல்ல ஒருவராவது உயிரோடிருக்க வேண்டும். குதாதாத் கான் ஊர்ந்து வந்தார். அதனால் அவர் கதை நமக்குத் தெரிகிறது. ஒருவருமே ஊர்ந்து வராத குழிகள் அப்போரில் எத்தனையோ இருந்தன. அங்கே மாண்டவரின் வீட்டுக்குச் சென்றது மரணச் செய்தி மட்டுமே. பதக்கம் அணிந்த மார்பைக் கண்டு தலைவணங்கும்போது, பதிவேட்டில் எழுதப்படாத அந்தப் பெயர்களுக்கும் அவ்வணக்கம் உரியது.